‘அந்தப் பொம்பளை’: புவெனஸ் அயர்ஸ் நகரசபைக் கனவான்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கனவான்களே,

உங்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. நீங்கள் கூடிப் பேசிய வெள்ளைக் கட்டடம் மட்டும் இன்றைய அர்ஜென்டினாவின் தலைநகரில், மே சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது. அதையும் அகலச் சாலைகளுக்காக இரண்டு பக்கமும் இடித்து, அப்புறம் மனசு கேட்காமல் பழைய மாதிரி புதுப்பித்திருக்கிறார்கள். பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு முறையாவது மனு போட்டுப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புதிதில்லை.

விஷயம் மரி ஆன் பெரிஷோன் தெ வாந்தேய் என்ற பிரெஞ்சுப் பெண்மணியைப் பற்றியது. உங்கள் ஊரில் அவருக்கு அனா என்று பெயர். அவர் காதில் விழாத இடங்களில் ‘லா பெரிச்சோனா’. லிமாவில் பெரு வைஸ்ராய் அமாத்தின் காதலியாக இருந்த நாடக நடிகையை ‘லா பெர்ரிச்சோலி’ என்று ஊரார் கேலி செய்தார்கள். அந்தச் சாயலில், இவருடைய குடும்பப் பெயரின் வாலைக் கொஞ்சம் திருகி உங்கள் ஊரார் பட்டப்பெயர் ஆக்கினார்கள். தகப்பன் பெயரே வசவாக மாறியது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

உங்கள் நகரசபைத் தலைவர் அல்சாகாவின் தரப்பிலிருந்து, அப்போது உங்களை ஆண்ட ஸ்பெயினுக்குப் போன புகாரிலோ பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. ‘அந்தப் பெண்’ என்று ஆரம்பித்தால் யாரென்று எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கை. அதைத் தமிழில் நேராகச் சொன்னால் ‘அந்தப் பொம்பளை’. எங்கள் மொழியில் இந்த இடத்தில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. ஒருத்தியைப் பற்றி வாயைத் திறந்தவுடனே அவளா, அவரா என்று முடிவு செய்துவிட வேண்டும். நான் அவர் என்றே எழுதப்போகிறேன். ஒழுக்கச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் புகார் குறிவைத்த வைஸ்ராய் லினியர்ஸையும் அல்சாகாவையும் அவர் என்று எழுதுகிற கை, இவர் பெயர் வரும்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நான் புதுச்சேரிக்காரன். அனாவின் தந்தை பாண்டிச்சேரியின் பிரெஞ்சு நிர்வாகத்தில் பதவி வகித்தவர் என்று அவர் குடும்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள். மகள் பிறந்தது 1775-ல், இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவில். அப்போதெல்லாம் பாண்டிச்சேரி, பூர்போன், மொரீஷியஸ் மூன்றும் ஒரே கப்பல் பாதையில் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் ஊர்கள். மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்ட எங்கள் பக்கத்திலிருந்துதான் கொத்தனார்களைக் கூட்டிப்போனார்கள். அதே மொரீஷியஸில் 1792-ல் அனா தாமஸ் ஓகோர்மன் என்ற அயர்லாந்துக்காரரை மணந்தார். அந்தத் தீவுகளின் சுகவாழ்வு அடிமைகளின் உழைப்பில் நடந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்காலத்து வாங்குவது ஒரு புண்ணியவதிக்காக அல்ல.

பிரெஞ்சுப் புரட்சி தீவுகளையும் உலுக்கியபோது குடும்பம் மூட்டை கட்டியது. 1797-ல் உங்கள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் நகரம் ரியோ தெ லா பிளாத்தா வைஸ்ராய் ஆட்சியின் தலைநகராகி அப்போது இருபத்தோரு வருடம்தான் ஆகியிருந்தது. சுமார் 40 ஆயிரம் பேர். மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. போத்தோசி மலையின் வெள்ளி வந்து கப்பல் ஏறும் இடம் அது. ஓகோர்மனின் சிற்றப்பா மிகேல் அங்கே பெரிய மருத்துவ அதிகாரி. அதனால் வாசற்கதவுகள் சுலபமாகத் திறந்தன. கணவர் வியாபாரம் வியாபாரம் என்று அலைந்தார். நாளடைவில் ஊரிலேயே இல்லாமல் போனார்.

இப்போது கைக்குட்டைக்கு வருவோம். உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. 1806 ஜூனில் பிரித்தானியத் தளபதி பெரெஸ்ஃபோர்டு சுமார் 1,600 பேரோடு வந்து இறங்கினார். வைஸ்ராய் சொப்ரெமோன்தே கஜானாவை முன்னால் அனுப்பிவிட்டுக் கோர்தோபாவுக்குக் கிளம்பினார். கஜானா வழியில் சிக்கியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளி நாணயங்கள் லண்டன் தெருக்களில் வண்டி வண்டியாக ஊர்வலம் போயின. கிழக்குக் கரையின் கொலோனியாவிலிருந்து ஆற்றைக் கடந்து படை கொண்டுவந்து, ஆகஸ்ட் 12 அன்று நகரத்தை மீட்டவர் சந்தியாகோ தெ லினியர்ஸ். ஸ்பெயின் கடற்படையில் ஊழியம் செய்த பிரெஞ்சுக்காரர். வயது 53. இரண்டாவது மனைவியையும் முந்தின வருடம் பறிகொடுத்தவர். வெற்றிவீரர் குதிரையில் போகிறார். மேலே பலகணியிலிருந்து பூவேலை செய்த, வாசனை தெளித்த கைக்குட்டை ஒன்று விழுகிறது. அவர் வாள் நுனியால் அதை எடுத்து, தலை நிமிர்ந்து வணக்கம் சொல்கிறார். பலகணியில் அனா.

அழகான காட்சி. ஆகஸ்ட் உங்களுக்குக் குளிர்காலம். அன்று காலைவரை தெருவில் துப்பாக்கிச் சண்டை. சேறும் ரத்தமுமாக வந்தவர், வாள் நுனியில் பட்டுத்துணியைக் குத்தாமல் கிழிக்காமல் எடுத்தாராம். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். என் மனத்தாங்கல் வேறு. இந்தக் கதையில் அனாவுக்குக் கைக்குட்டையைத் தவிர வேறு வேலையே இல்லை. அதே அனா இரண்டே வருடத்தில் உங்கள் புகார்களில் ஒரு ராஜ்யத்தையே ஆட்டிப்படைக்கிறார். கைக்குட்டைக்கும் ராஜ்யத்துக்கும் நடுவில் என்னதான் நடந்தது?

அல்சாகாவின் தரப்பு எழுதிய புகாரைப் படித்திருக்கிறேன். அதற்குள் வைஸ்ராயாகிவிட்ட லினியர்ஸுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இருக்கும் சிநேகம் ஊர் சிரிக்கும் அவமானம் என்று ஆரம்பிக்கிறது. காவலர் துணையில்லாமல் அவர் வெளியே போவதில்லை, வீட்டுக்கு இரவும் பகலும் காவல், அவர் பண்ணை வேலைக்கு அரசாங்கச் சிப்பாய்கள், அவர் குதிரைகளுக்கும் சேணங்களுக்கும் பொதுப்பணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது.

இதில் பாதி உண்மையாகவே இருக்கட்டும். சிப்பாயைக் கொண்டு சொந்தப் பண்ணையில் வேலை வாங்குவது தப்புதான். எங்கள் பக்கத்திலும் காவலரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட பெரிய மனிதர்களைப் பற்றி அவ்வப்போது பேச்சு எழும், அடங்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தச் சிப்பாய்க்கு உத்தரவு போடும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கஜானாச் சாவி யார் இடுப்பில் தொங்கியது? அனாவிடம் ஒரு பதவியும் இல்லை, முத்திரையும் இல்லை. புகாரில் உள்ள ஒவ்வொரு குற்றத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடியவர் லினியர்ஸ் மட்டும்தான். அவரோ நகரத்தை மீட்டவர். 1807 ஜூலையில் பிரித்தானியத் தளபதி வைட்லாக்கின் பெரும்படை வந்தபோது மறுபடியும் காத்தவர். (அந்த இரண்டாவது தடவை தெருத்தெருவாக அகழி வெட்டி, நகரத்தை நிமிர்ந்து நிற்க வைத்ததில் அல்சாகாவின் பங்கு பெரிது. அவரிடம் எனக்குப் பகை கிடையாது.) ஜனங்கள் தோளில் தூக்கிய ஒருவர்மேல் நேராகக் கல்லெறிய முடியாது. பக்கத்தில் நின்றவர்மேல் எறியலாம்.

கள்ளக்கடத்தல் பற்றியும் பேசிவிடலாம். கப்பலில் வந்த வெளிநாட்டுச் சரக்குகளுக்கு அனா வழிகாட்டினார், தரகு வாங்கினார் என்று சொன்னார்கள். வாங்கியிருக்கலாம். வெளிநாட்டு வணிகர்கள் அந்த வீட்டுக்குள் போனதும் வந்ததும் ரகசியம் இல்லை. ஆனால் உங்கள் ஊரின் சங்கதி எங்களுக்கும் தெரியும். ஸ்பெயினோடு மட்டுமே வியாபாரம் என்பது சட்டம். தோலும் வெள்ளியும் இருட்டில் போகும், துணியும் இரும்பும் இருட்டில் வரும் என்பது நடைமுறை. அந்தச் சட்டம் இருந்தவரைக்கும் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்துக்குத் தரகர்களாக இருந்தவர்களுக்குக் கொழுத்த லாபம். அப்படிப்பட்டவர்கள் உங்கள் மேசையைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாங்கினால் வணிகம், அனா வாங்கினால் கடத்தல்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1809 நவம்பர் 6 அன்று, லினியர்ஸுக்குப் பதிலாக வந்த வைஸ்ராய் சிஸ்நெரோஸ், பிரித்தானியக் கப்பல்களோடு வியாபாரம் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். சுங்கவரி இல்லாமல் ஆட்சி நடத்தக் காசு இல்லை. அந்த உத்தரவு வந்தபோது அனா ஊரில் இல்லை. அவரை ஏற்கெனவே கப்பலேற்றி ரியோ டி ஜெனிரோவுக்கு அனுப்பியாகிவிட்டது.

உங்களுக்கு உறுத்தியது கடத்தல் மட்டும் இல்லை என்பது தெரியும். பிரெஞ்சு ரத்தம். இந்த இடத்தில் உங்கள் நிலைமையும் எனக்குப் புரிகிறது. 1806-ல் ஸ்பெயினும் பிரான்சும் கூட்டாளிகள். நகரத்தை மீட்ட சேதியை லினியர்ஸ் நெப்போலியனுக்கே எழுதினார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவர் அனாவின் சகோதரர் ஹுவான் பௌதிஸ்தா பெரிஷோன். அன்று அது கௌரவம். 1808-ல் நெப்போலியன் ஸ்பெயின் அரசரைச் சிறையில் தள்ளிவிட்டுத் தன் அண்ணனை அரியணையில் உட்கார வைத்ததும், அதே கடிதம் துரோகத்துக்குச் சாட்சியாகிவிட்டது. கடிதம் மாறவில்லை, கூட்டணி மாறியது. அந்த ஆகஸ்டில் நெப்போலியனின் தூதர் சசெனே பிரபு வேறு வந்து இறங்கினார். லினியர்ஸ் அவரை எல்லோர் முன்னாலும் விறைப்பாக வரவேற்றுவிட்டு, அப்புறம் தனியாகவும் பார்த்தார். உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

இது போதாதென்று லினியர்ஸின் மகளுக்கும் அந்த ஹுவான் பௌதிஸ்தாவுக்கும் கல்யாணம். வைஸ்ராயின் பிள்ளைகள் அவர் ஆளும் இடத்தில் அரசர் அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம். அரசரோ சிறையில். அனுமதியை யாரிடம் போய்க் கேட்பது? சட்டத்தின்படி உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளைமேலும் மாமனார்மேலும் விழ வேண்டிய கோபத்தின் பெரும்பங்கு மாப்பிள்ளையின் சகோதரிமேல் விழுந்தது.

பிரெஞ்சு ஒற்றர் என்றார்கள். ஆங்கிலேயருக்கும் ஒற்றர் என்றார்கள். இரண்டு நாடும் ஒன்றையொன்று கொன்று தின்றுகொண்டிருந்த காலம் அது. ஒரே ஆள் இரண்டு பேருக்கும் உளவு பார்த்திருக்கலாம், உலகத்தில் நடக்காததில்லை. ஆனால் 1806-ல் ஆங்கிலேயரோடு சிரித்துப் பேசியது அனா மட்டும்தானா? உங்கள் வணிகர் மன்றத்தார் பிரித்தானிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். அதில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றே மன்றத்தின் செயலாளர் பெல்கிரானோ ஆற்றைக் கடந்து போய்விட்டார். உயர்குடிப் பெண்ணான மரிக்கீத்தா சாஞ்செஸ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில், ஊருக்குள் நுழைந்த 71-ஆம் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் அழகை வாயாரப் புகழ்கிறார். ஆங்கிலேய அதிகாரிகளோடு கைகோத்து மாலையில் உலாவிய பெண்கள் நல்ல குடும்பங்களில் இருந்தார்கள். ஊரே விருந்து வைத்தது. எச்சில் இலை எடுக்கும்போது மட்டும் ஒருவரைக் கூப்பிட்டீர்கள்.

அவரைக் கப்பலேற்றும் உத்தரவைப் போட்டவர் லினியர்ஸ்தான். இதை நான் மறைக்கவில்லை. நாற்காலியா அனாவா என்று வந்தபோது அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதுவும் நிலைக்கவில்லை. 1809 ஜனவரி 1 அன்று அல்சாகா எழுப்பிய கலகத்தில் அவரைக் காப்பாற்றியது சாவேத்ராவின் உள்ளூர்ப் படை. ஜூலையில் சிஸ்நெரோஸ் வந்ததும் இறங்க வேண்டியதாயிற்று. அனாமேல் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எந்தக் குற்றத்துக்கு எத்தனை நாள் தண்டனை என்றும் யாரும் சொல்லவில்லை.

ரியோவில் அப்போது போர்த்துகீசிய அரசவையே குடியிருந்தது. நெப்போலியனுக்குப் பயந்து 1807 நவம்பரில் லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். இளவரசி கர்லோட்டா ஜோக்கினா சிறைப்பட்ட ஸ்பெயின் அரசரின் அக்கா. உங்கள் நாட்டைத் தானே ஆள வேண்டும் என்று அவருக்கு ஆசை. அனாவின் வீட்டிலோ உங்கள் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள் கூட ஆரம்பித்தார்கள். பிரித்தானியத் தூதர் ஸ்ட்ராங்ஃபோர்டு பிரபுவையும் அவரோடு முடிச்சுப் போட்டு ஊர் பேசியது. ஒரு பெண்ணின் வீட்டுக்கு அரசியல் பேச ஆண்கள் வந்தால் அதற்கு ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. கர்லோட்டா அங்கிருந்தும் வெளியே அனுப்பினார்.

இனி நான் எழுதப்போவதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அனா ஊர் திரும்பினார். உங்கள் நகரத்துக்கு அப்போது கப்பல் அணையும் துறை கிடையாது. ஆறு அவ்வளவு ஆழமில்லை. கப்பல் கரைக்கு வெகுதூரத்தில் நங்கூரம் போடும். ஆட்கள் படகுக்கு இறங்கி, படகிலிருந்து ஆள் உயரச் சக்கரம் வைத்த வண்டிக்கு மாறி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரை சேர்வார்கள். அந்த வண்டி அவருக்கு மட்டும் வரவில்லை. இறங்க அனுமதி இல்லை. எதிர்க்கரை நகரமான மொந்தேவிதேயோவும் கதவைச் சாத்தியது. கப்பல் தளத்தில் நின்றால் பழுப்புத் தண்ணீருக்கு அப்பால் தேவாலயக் கோபுரங்கள் தெரிந்திருக்கும். அவற்றில் ஒன்றின் கீழே அவர் வீடு இருந்த தெரு.

1810 மே மாதம் உங்கள் வைஸ்ராய்கள் காலம் முடிந்தது. புரட்சிக் குழு ஆட்சிக்கு வந்தது. எதிர்த்த லினியர்ஸை ஆகஸ்ட் 26 அன்று கபேசா தெ திக்ரேயில் சுட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அல்சாகாவையும் சுட்டார்கள். அனாவைத் தரையிறங்க விட்டவர்களும் அந்தப் புதிய ஆட்சியாளர்கள்தான். ஆனால் ஒரு நிபந்தனை: நகரத்துக்குள் குடியிருக்கக் கூடாது, வெளியே பண்ணையில் அடக்கமாக, ஒதுங்கி வாழ வேண்டும். வைஸ்ராயையே வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கருத்துதான் சரியாகப் பட்டிருக்கிறது.

அதற்கப்புறம் முப்பத்தேழு வருடம் உயிரோடு இருந்தார். லினியர்ஸோடு பேசப்பட்ட காலம் மூன்று வருடத்துக்குள் அடங்கிவிடும். அந்த மூன்றைப் பற்றி ஏடு ஏடாக எழுதினார்கள். முப்பத்தேழைப் பற்றி ஒரு பாராவுக்குமேல் எழுதுவார் இல்லை. பண்ணை வீட்டில் பேரக் குழந்தைகள் ஓடியாடியிருப்பார்கள். அவர்களில் மகன் அடோல்ஃபோவின் பெண் கமிலாவும் ஒருத்தி.

1847 டிசம்பரில் அனா இறந்தார். அதே டிசம்பரில் கமிலா லதிஸ்லாவோ குத்தியெரெஸ் என்ற இளம் பாதிரியாரோடு ஊரை விட்டுப் போனாள். வடக்கே கோயா என்ற ஊரில் வேறு பெயர்களில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அடோல்ஃபோ சர்வாதிகாரி ரோசாஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த நாட்டில் இதுவரை கேட்டிராத படுபாதகம் என்ற பொருளில், பெற்ற மகளைப் பற்றி. 1848 ஆகஸ்ட் 18 அன்று சாந்தோஸ் லுகாரெஸில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். கமிலா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சிறுவயதில் அம்மாவின் பேரைச் சொல்லித் தெருவில் எத்தனை பேச்சு கேட்டிருப்பார். எந்த மொழியில் எழுதினால் ஊர் தன்னை ஏற்றுக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது உங்கள் புகாரின் மொழி. இது என் ஊகம், சாட்சி கேட்காதீர்கள்.

என் கோரிக்கை சின்னது. அனாவுக்குச் சிலை வேண்டாம், வீரப்பெண் பட்டமும் வேண்டாம். பணம் பண்ணத் தெரிந்தவர், அதிகாரத்தின் பக்கத்தில் உட்காரப் பிடித்தவர், உட்கார்ந்தவர். லினியர்ஸும் நீங்களும் எப்படியோ அப்படியே. புகாரைத் திருப்பி வாங்கச் சொல்லவில்லை. ‘அந்தப் பெண்’ என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே, ஒவ்வொரு வரிக்கும் எதிரே, சிப்பாயை அனுப்பியவர் யார், பணத்தை விடுவித்தவர் யார், கடத்தல் சரக்கை வாங்கிக் கடையில் வைத்து விற்றவர் யார் என்று அந்தப் பெயர்களையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் ஆற்றங்கரை இப்போது நிறைய மாறிவிட்டது. ஆற்றைத் தூர்த்து நிலமாக்கிய புவெர்த்தோ மதேரோ பகுதியில் தெருக்களுக்கெல்லாம் பெண்களின் பெயர்கள். அதில் ஒன்று கமிலா ஓகோர்மன் தெரு. பாட்டிக்கு வராத வண்டி தண்ணீரில் போய்வந்த பக்கம்தான் அது.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகன்